வின்னியின் உயரம்

உணவகப் பணிப்பெண் மேசையில், தட்டுக்கு அடியில் போடும் மூன்று காகித விரிப்புகளை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வெள்ளை. மூன்றாவதில், வர்ணம் தீட்டுவதற்காக ஒரு பசுமாடும், வழி கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு புதிர்ப்பாதையும் அச்சாகியிருந்தன. அதன் மேல் சின்னக் காகிதக் குவளையில் மெழுகு வண்ணக்குச்சிகள். கொரினுக்குப் பக்கத்தில், சன்னலை ஒட்டி, யாரும் உட்காராத இடத்தில் அந்த விரிப்பு கிடந்தது.

"நாங்க ரெண்டு பேர்தாங்க," என்றாள் கொரின்.

பணிப்பெண் காபிக் குடுவையோடு திரும்பி வந்து இருக்கையை எட்டிப் பார்த்தாள். "அட, ஆமா! உங்க பின்னாலயே ஒரு சின்னப் பொண்ணு குதிச்சுக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. கண்ணாடிய மாத்துடின்னு என் புருஷன் சொல்லிக்கிட்டே இருக்கான், நான்தான் கேக்கல. மன்னிச்சுக்கோ தங்கம்." விரிப்பை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

வேறு சமயமாக இருந்தால் கொரினின் கணவன் ரஸ்ஸல் இதை வைத்து ஒரு மணி நேரம் கேலி பேசியிருப்பான். இன்று முட்டையைக் கிண்டிக்கொண்டு, அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன குளிர்காலத்தில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபோனவன். வசந்தத்தில் திரும்பி வந்தான். இன்னொரு முறை போனால் திரும்ப மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பயணம். தங்கள் ஊரான ஓமஹாவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, ஆற்றோர ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தங்கி, அவசரமில்லாமல் சுற்றுவது என்று ஏற்பாடு. ஒரே நிபந்தனை: குழந்தையைப் பற்றிப் பேசக் கூடாது. ஏழு வருடங்களுக்கு முன்பு ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்ட குழந்தை. ஒரு இரவு படுக்கையில் கிடந்தபடி அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தங்களுக்குள்ளும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை.

சாப்பிட்டு முடித்து நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசல்களில் பூசணிக்காய்கள் வரிசை கட்டியிருந்தன. மேப்பிள் இலைகள் நடைபாதையில் நனைந்து ஒட்டிக் கிடந்தன. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடையும், தானியக் கிடங்கின் புளித்த மணமும், எங்கோ போகும் சரக்கு ரயிலின் நீண்ட ஊளையும் காற்றோடு கலந்து வந்தன. பழம்பொருள் கடைக்குள் நுழைந்தபோது கதவு மணி அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. பொத்தான் புட்டிகளைப் பார்த்தபடி பாதிக் கடையைக் கடந்த பிறகு மணி இன்னொரு முறை, மெதுவாக, எட்டாத கை தள்ளியது போல் அடித்தது. கொரின் திரும்பினாள். யாருமில்லை. காற்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ரஸ்ஸல் நின்றான். தெருமுனைப் புல்லில் ஒரு பலகை நடப்பட்டிருந்தது. விற்பனைக்கு வீடு, இன்று எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று எழுதி, அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"போலாமா?" என்றான். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தான். "நம்ம பழைய ஆட்டம்."

கொரினுக்கு நெஞ்சு லேசானது. கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் அவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. வாங்கும் எண்ணம் துளியும் இல்லாமல் விற்பனை வீடுகளுக்குள் நுழைவார்கள். தரகர் சுட்டுவைத்த பிஸ்கட்டைத் தின்பார்கள். தங்களைப் பற்றிப் புளுகுவார்கள். ஒரு வாரம் அவன் பல் டாக்டர், அவள் சர்க்கஸ்காரி. மறு வாரம் ஆறு நாய் வளர்க்கும் பாதிரியார் தம்பதி. ஏழு வருடமாக ஆடாத ஆட்டம்.

"இந்தத் தடவ நான்தான் டாக்டர்," என்றாள்.

"நீயா? ரத்தத்தப் பாத்தா விழுந்துடுவியே!"

"பல்லுல ஏதுடா ரத்தம்?"

சிரித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு பலகை இருந்தது. கடைசி அம்புக்குறி ஒரு வெள்ளை மரவீட்டைக் காட்டியது.

தரகர் ட்ரூடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கொழுத்த கைகள், நீலக் கோட்டு, ஓயாத வாய். "வாங்க வாங்க! சும்மா பாக்க வந்தோம்னு கூச்சப்படாதீங்க, சும்மா வந்தவங்கதான் வாங்கிட்டுப் போவாங்க. செருப்புக்கு மேல இந்த உறைய மாட்டிக்கோங்க." உள்ளே பட்டையும் வெண்ணெயும் மணத்தன. குடும்பப் படங்களைக் கழற்றிய சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

ஆறு நாய் என்று சொல்லக் கொரின் வாயைத் திறந்தாள். ரஸ்ஸல் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு. பொண்ணு. ஏழு வயசு." உறையை மாட்டக் குனிந்தான். "வின்னின்னு பேரு."

அந்த இரவு படுக்கையில் வைத்த பெயர். கொரின் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அப்ப மாடியில ஓடுறது அவதானா!" ட்ரூடி சிரித்தாள். "படி வழவழன்னு இருக்கும், பாத்து எறங்கச் சொல்லுங்க. நான் போய் முனையில வச்ச பலகைங்களப் பிடுங்கிட்டு வந்துடறேன். நிதானமாப் பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. வீடு அடங்கியது. தரையிலிருந்த துவாரங்கள் வழியே வீட்டைச் சூடாக்கும் காற்று மேலேறும் சத்தம் மட்டும், தூங்குகிறவரின் மூச்சுபோல, சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதற்கு மேல், மாடிப் பலகைகளில், வெறுங்காலின் குதிகால் முதலில் பதியும் ஓட்டம். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. நின்றது. அங்கேயே நின்றது.

"ரஸ்ஸல், வா போலாம்."

"நீயும் கேட்டியா?" அவன் குரல் குழைந்திருந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கும். வா, காருக்குப் போலாம். நீ சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. நெஜமா இல்ல. வா."

அவன் சமையலறைப் பக்கம் நடந்தான். அவள் பின்னால் போனாள். விட்டுவிட்டுப் போக முடியாது. இவனை இங்கே விட்டால், இவன் எந்த வீட்டுக்கும் திரும்ப மாட்டான்.

வீடு முழுக்கப் புது வெள்ளை அடித்திருந்தார்கள், சமையலறைக் கதவு நிலையைத் தவிர. எந்த வீட்டிலும் இதற்கு மட்டும் தூரிகை படாது. பிள்ளைகளை நிறுத்தி உயரம் குறித்த நிலை. முழங்காலுக்குச் சற்று மேலே முதல் பென்சில் கோடு. அதன் மேல் ஒன்று. அதன் மேல் ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே பெயர்.

வின்னி, ஒரு வயசு. வின்னி, ரெண்டு. வின்னி, மூணு.

கொரின் படித்துக்கொண்டே போனாள். படிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசிக் கோடு அவள் மார்பளவு. அதன் பக்கத்தில் ஏழு என்ற இலக்கம், நடுவில் குறுக்காக ஒரு கோட்டோடு. ஓமஹாவில் ரஸ்ஸலிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தக் குறுக்குக் கோட்டைத்தான் கேலி செய்வார்கள்.

அவன் கையெழுத்து.

"நீ எழுதினியா இத?" என்று கேட்டாள். "எப்ப வந்த இங்க?"

"நான் இந்த ஊருக்கே வந்ததில்ல, கொரின்."

பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் வந்தால் அவளுக்குத் தெரியும்.

மாடியில் ஓட்டம் மறுபடி. படியில். இறங்கிற்று. ஒரு படி. ஒரு படி. ஒரு படி. கூடத்தில் யாருமில்லை. உறையில்லாத வெறும் பாதங்கள், தரையில், ஈரமாக. சமையலறை வாசலில் நின்றன. பால் மணம். முதல் நாள் பிள்ளையின் தலையில் வரும் மணம். அவளுக்குக் கிடைக்காமல் போன மணம்.

நிலையின் அடியில் ஒரு பென்சில் கிடந்தது. ரஸ்ஸல் எடுத்தான். மண்டியிட்டான்.

"வேண்டாம்."

"ஒரு கோடு. ஒரே ஒரு கோடு போட்டுட்டு வந்துடறேன்."

"ரஸ்ஸல், என்னப் பாரு. நான் இருக்கேன். நான் போதாதா?"

அவன் பார்த்தான். ஒரு கணம், அவளுடைய ரஸ்ஸல்தான் பார்த்தான். பிறகு இடது உள்ளங்கையை நிலையை ஒட்டி, கடைசிக் கோட்டுக்கு மேல், வெறும் காற்றில் கிடத்தினான். கை இறங்கவில்லை. கீழே ஏதோ தாங்கியது.

"நேரா நில்லு, வாலு," என்றான். சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது. "குதிகாலத் தூக்காத. கள்ளாட்டம் ஆடக் கூடாது."

கை உயர்ந்தது.

கொரின் அவன் தோளைப் பற்றி இழுத்தாள். கல்லை இழுப்பது போலிருந்தது. கை உயர்ந்தது. அவன் மண்டியிலிருந்து எழுந்தான். கை அவன் தாடைக்கு வந்தது. நெற்றிக்கு. தலைக்கு மேல். அவன் கால்விரலில் நின்றான், இன்னும் சிரித்தபடி, கையைத் தூக்கியபடி, எட்டிப் பிடிக்க முடியாமல்.

"அம்மாடி! எவ்வளவு வளந்துட்ட!"

கை நிலையின் மேல்சட்டத்தில் முட்டியது. விலகி விழுந்தது. பென்சில் விழவில்லை. பென்சில் அவன் கையிலேயே இல்லை.

மேலே கீறும் சத்தம். சுண்ணாம்பில் கரி உரசும் சத்தம்.

"அம்மாவுக்குக் காட்டு," என்றான் ரஸ்ஸல், கூரையைப் பார்த்து. "போ. அம்மாகிட்டக் காட்டு."

வாசல் கதவு நான்கு எட்டில் இருந்தது. அவள் அவன் கையை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

கோடுகள் மேல்சட்டத்தைத் தாண்டியிருந்தன. புது வெள்ளை அடித்த கூரையில் ஏறி, மடங்கி, அறையின் நடுவை நோக்கி வந்தன. எட்டு. ஒன்பது. பதினான்கு. முப்பது. பெயர் ஒன்றுதான். ஒவ்வொரு கோடும் முந்தையதைவிட அவளுக்குக் கிட்டே. இடமில்லாமல், அந்தப் பிள்ளை கூரையோடு கூரையாக மடிந்து, முதுகு உரச வளர்ந்தபடி.

கடைசிக் கோடு அவள் தலைக்கு நேர் மேலே.

அது இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கரித்தூள் அவள் நெற்றியில் விழுந்தது, கண்ணிமையில், திறந்த வாயில். பிறகு எழுத்து நின்றது. மேலே, ஒவ்வொன்றாக, எலும்புகள் மடங்கும் ஓசை. இதமான, பால் மணக்கும் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

குனிந்துகொண்டிருந்தது.