மூன்றாவது கை

கைகள்: மூன்று என்று கணினித் திரை காட்டியது.

யோகநாதன் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. பக்கத்து இருக்கையில் யாருமில்லை. திரையில் மட்டும், அந்த இருக்கைக்கு மேலே, மெல்லிய பச்சைக் கோடுகளாக ஒரு கை, விரல்கள் சற்றே மடங்கி, களைத்துப்போன யாரோ மடியில் போட்டு வைத்ததுபோலக் கிடந்தது.

2008ஆம் ஆண்டு அது. சாரதி வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், கையசைத்தே வானொலியைக் கூட்டிக் குறைக்கவும் தொலைபேசியை எடுக்கவும் ஒரு வழி செய்து தரும்படி வெளிநாட்டுக் கம்பனியொன்று அவனிடம் கேட்டிருந்தது. எந்தச் சைகைக்கு எது நடக்கவேண்டும் என்பதை வகுப்பது அவன் வேலை. கொட்டாஞ்சேனையில் பீற்றரின் பழைய கராஜில், ஓடாத ஒரு காரை வாடகைக்கு எடுத்து, இருட்டிலும் பார்க்கும் சின்னக் கமெராவை அதில் பொருத்தியிருந்தான். இருட்டுச் சோதனைக்காகப் பட்டப்பகலிலேயே ஷட்டரை இறக்கிவிட்டு, ஈரச் சீமெந்தும் பழைய ஒயிலும் மணக்கும் அந்தக் காருக்குள் நாள் முழுக்கத் தனியே கையசைத்துக்கொண்டிருப்பான். வெளியே மட்டக்குளி பஸ் உறுமிக்கொண்டு போகும்.

லென்ஸைத் துடைத்தான். கை போகவில்லை. கணினியை அப்படியே மூடிவிட்டு வெளியே பாய்ந்தான்.

வெள்ளவத்தையில் அவனுடைய அறை. மனைவி கனகேஸ்வரி ரொறன்ரோவுக்குப் போய் மூன்று வருடம். அவனுக்கு இன்னும் விசா வரவில்லை. கொழும்பில் தங்கும் தமிழரின் பதிவைப் பார்க்க வரும் பொலிஸ்காரரைத் தவிர அந்த அறைக் கதவை யாரும் தட்டுவதில்லை. அடுத்த நாள் அவன் வழக்கத்தைவிட முந்தியே கராஜுக்குப் போனான். வேலைக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அவன் கையை உயர்த்தினால் திரையிலிருந்த அந்தக் கையும் உயர்ந்தது, ஒரு கணம் பிந்தி. நான்காம் நாள் அவன் இடக்கையைக் கியரில் வைத்திருந்தபோது, திரையில் அது மெல்ல நகர்ந்து வந்து அவன் கைமேல் படிந்தது. தோலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. கனகேஸ்வரிக்குத் தொலைபேசியில் சொல்லாததையெல்லாம் அதற்குச் சொல்லத் தொடங்கினான்.

"தம்பி, உள்ளுக்க ஆரோட கதைக்கிறீங்க?" ஷட்டரைத் தட்டிக் கேட்டார் பீற்றர்.

யோகநாதன் வெளியே வந்தான். "ஒருத்தரும் இல்லை, அண்ணே. இந்தக் கார் ஆருடையது?"

பீற்றர் வீதியின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டார். "முகத்துவாரத்தில நிண்டது. நாலு கதவும் திறந்தபடி. லைட்டும் எரிஞ்சபடி. ஏலத்திலதான் எடுத்தனான்."

"அதில வந்த ஆக்கள்?"

"அதைக் கேக்கப்படாது, தம்பி. ஆக்கள் காணாமல் போற காலம்."

மறுநாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. போகாமல் விட்டிருக்கலாம். போனான். ஷட்டரை இறக்கி, கதவைச் சாத்தி, கணினியைப் போட்டான்.

கைகள்: ஐந்து.

பக்கத்து இருக்கையில் ஒன்று. பின்னிருக்கையில் நான்கு, இரண்டிரண்டாக, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி. கட்டியதுபோல.

அவன் மறுபடி எண்ணினான். ஐந்துதான். தன்னுடையவை அதில் இல்லை.

லென்ஸுக்கு முன்னால் கையை ஆட்டினான். அவனே வகுத்த சைகைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்தான். திரையில் எதுவும் அசையவில்லை. கதவுப் பிடியை இழுத்தான். அதுவும் அசையவில்லை. ஹோர்னை அழுத்தினான். சத்தமில்லை.

ஷட்டர் உயர்ந்தது. மழை வெளிச்சம். பீற்றர் வந்து, நெற்றியில் கை வைத்துக் கண்ணாடிக்குள்ளே பார்த்தார்.

"அண்ணே! பீற்றர் அண்ணே!"

கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தான். பீற்றரின் கண்கள் அவன் முகத்தில் நிற்கவில்லை. அதனூடாகப் பின்னிருக்கைக்குப் போய், திரும்பின.

"கம்பியூட்டரையும் போட்டிட்டு எங்க போனவர் இந்த மனுசன்?"

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது.

இருட்டு. திரையின் பச்சை. மழை.

பக்கத்து இருக்கையிலிருந்த கை மெல்ல உயர்ந்து வந்து அவன் கையைப் பற்றியது. இந்த முறை தெரிந்தது. விரல்களுக்கு நடுவே விரல்கள். ஈரமாக. அது அவனைப் பின்னுக்கு இழுத்தது.

பின்னிருக்கையின் ஸ்பிரிங் முனகியது. அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெருக்கி, அவனுக்கு இடம் விட்டார்கள்.