கேட்காமல் எடுத்த முகங்கள்

கேமராவின் சத்தத்தை அவன் அணைத்துப் பல வருஷமாகிறது. ஆனாலும் அன்று சாயங்காலம் சமையலறையில் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து 'க்ளிக்' என்றது.

சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர்கள் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அதனால் கேமராவை வயிற்றோடு அணைத்து, எங்கோ பராக்குப் பார்ப்பதுபோல் நின்று, காதும் காதும் வைத்தாற்போல் படமெடுப்பான். பேருந்தில் வாய் பிளந்து தூங்கும் கிழவர், கொட்டாவி விடும் காவலாளி, ஆஸ்பத்திரிப் படியில் அழும் பெண் என்று முன்னறைச் சுவர் முழுக்க முன்பின் தெரியாத முகங்கள். அவனோடு ஒரு வார்த்தை பேசத்தான் வீட்டில் ஆளில்லை.

முந்தின நாள் அவன் படங்களின் கண்காட்சியில் அந்த ஆஸ்பத்திரிப் படிப் பெண்ணே வந்து நின்றாள். தன் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"என் புள்ள போன அன்னிக்கு எடுத்தது இது. கழட்டிடுங்க."

"பொது இடம்ங்க. சட்டப்படி தப்பில்ல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் போய்விட்டாள். அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அது. கழற்ற மனம் வரவில்லை. ஆனால் அப்போதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேமராவைப் பார்த்தான். திரையில் அவன் முதுகு. குனிந்து கோப்பை கழுவும் முதுகு, வயிற்று உயரத்திலிருந்து எடுத்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது. பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தான். அறையில் எங்கிருந்தோ பினாயில் வாடை வந்தது. அதோடு நனைந்த பேருந்து இருக்கையின் வாடையும், சுவர்ப்பக்கமாக யாரோ நீளமாகக் கொட்டாவி விடும் ஓசையும், அதன் அடியில் அடக்கி அடக்கி வரும் ஒரு விசும்பலும்.

'க்ளிக்.'

பேட்டரி இல்லாத கேமராவின் திரையில் அவன் பிடரி. மிக அருகில்.

ஓடிப்போய் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றினான். "இந்தாம்மா, எடுத்தாச்சு. போதுமா?" என்றான். சட்டத்துக்குள் வெறும் ஆஸ்பத்திரிப் படிகள் மட்டும் இருந்தன.

பயத்தில் அவனுக்கு ஒரே ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். வெளியூரில் இருக்கும் தங்கையை வீடியோவில் கூப்பிட்டான்.

"அதிசயமா கூப்பிடற. என்ன அண்ணா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் பேசிட்டே இரு."

"வீடு நிறைய ஆளா இருக்கே. தனியா கெடக்கேன்னு நீதானே புலம்புவ? யாரு இவங்கல்லாம்?"

அவன் திரும்பவில்லை. திரையின் மூலையில் தன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தான். தோளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பிளந்த வாய் பிளந்தபடி. முடியாத கொட்டாவி. கன்னத்தில் வழியாமல் நிற்கும் கண்ணீர். அவன் எடுத்த அந்த நொடி யாரையும் விடவில்லை.

கத்த வாயைத் திறந்தான்.

'க்ளிக்.'

"அண்ணா? படம் அப்படியே நின்னுடுச்சு. கேக்குதா?"

கேட்டது. நாக்கு அசையவில்லை. இமை மூடவில்லை.

"நெட் சரியில்ல போல. அப்புறம் பேசறேன், என்ன?"

திரை அணைந்தது. பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, குனிந்து, நிதானமாக அவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.