மூன்றாம் மெஷினின் நெடுக்குக் கோடு

மார்ச் 14, வியாழன்.

செவ்வாய்க்கிழமை பின்னல் தொழில் மாலை வகுப்பில் எடுத்த குறிப்பில் ஒரு தவறு. “நூல் கெட்டால் துணியில் நெடுக்குக் கோடு, ஊசி கெட்டால் குறுக்குக் கோடு” என்று எழுதியிருக்கிறேன். அது தலைகீழ். இன்று காலை பாடப் புத்தகத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. சின்னத் தவறுதான். ஆனால் நோட்டோடு நிற்காமல் அதை நேற்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் பின்னல் கொட்டகை. நான்கு வட்டப் பின்னல் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்து எண்ணூறு ஊசிகள் வட்டமாக நிற்கும். அவை ஏறி இறங்கி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்க, துணி குழாய்போலக் கீழே இறங்கும். ஊசி அண்ணன் பொறுப்பு, நூல் அண்ணி பொறுப்பு.

போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து, காலை ஐந்து பத்துக்கு அண்ணி ஒரு பையைத் துண்டால் மூடிக் கீழே கொண்டுபோனாள். ஐந்து ஐம்பதுக்குத்தான் திரும்பினாள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. நூலைத் தொடுகிறவளுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? நேரம் குறித்து, அடிக்கோடிட்டு, அம்மாவிடம் சொன்னேன். அண்ணியின் தம்பியும் இரண்டு தெரு தள்ளிப் பின்னல் கொட்டகை வைத்திருக்கிறார். எங்கள் நூல் அங்கே போகிறது என்று சந்தேகிக்க அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே அண்ணியைக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்றுவிட்டாள்.

நேற்று சாயப்பட்டறையிலிருந்து மூன்றாம் மெஷினின் துணி இரண்டு ரோல் திரும்பி வந்தது. துணி நெடுக ஒரு மெல்லிய கோடு. என்னவென்று அம்மா கேட்டாள். படிக்கிற பெருமையில் நான் நூல் கோளாறு என்றேன்.

“நல்ல நூல் கோனெல்லாம் தம்பி வீட்டுக்கு, கழிசல் நம்ம மெஷினுக்கு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு அவனை” என்றாள் அம்மா. அண்ணி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இன்று நோட்டைத் திருத்தியதும் நேராகக் கீழே போனேன். மூன்றாம் மெஷின் நின்றிருந்தது. நெடுக்காக அடுக்கியிருக்கும் கண்ணிகள் அத்தனையையும் ஒரே ஊசிதான் பின்னுகிறது. அப்படியானால் தொங்கும் துணியில் கோட்டைப் பிடித்து மேலே போனால் ஊசி கிடைக்க வேண்டும். விரலை வைத்து ஏறினேன். கிடைத்தது. அதையும் பக்கத்து ஊசியையும் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்றுதான், கோட்டில் கிடைத்ததன் கொக்கி மட்டும் ஒரு பொட்டுத் தடிப்பு. தடித்த கொக்கி முதல் மெஷினுக்கு மட்டும்தான்; இது மாற்றி மாட்டிய ஊசி.

மாடிக்கு வந்தபோது அண்ணி துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டிப்போக வந்த அவள் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். என் குறிப்பு தப்பு, நூல் மேல் குற்றமில்லை என்று நான் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

“அப்ப இவ ஏன் விடியக்காலைல மூடி மறைச்சுட்டுப் போனா? அதுக்கும் உன் நோட்டுல பதில் இருக்கா, வாத்தியாரம்மா?”

அம்மாவே அந்தப் பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள். ஊசி டப்பா, டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. அம்மா பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்து, சுவரோரம் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த இரண்டு ஊசிகளையும் வாங்கி அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதுல மூணாம் மெஷினோடது எது?”

அண்ணன் கையைக் கிட்டே கொண்டுவந்தான், தள்ளிப் பிடித்தான், கடைசியில் நகத்தால் தடவினான்.

“விடுங்க அத்தை...” என்றாள் அண்ணி. “ஒரு வருஷமா அவருக்குக் கண்ணு சரியில்ல. நீங்க மெஷினை விட்டு இறக்கிட்டா அப்புறம் அவரு எதைப் பிடிச்சுட்டு நிப்பாரு? அதான், அவரு ராத்திரி மாட்டுற ஊசியைக் காலைல நான் சரி பார்த்துட்டு வந்தேன். நீங்க கொட்டகைக்கு வரக்கூடாதுன்னதும் அது நின்னுபோச்சு.”

அண்ணன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “நூல்தான்னு நானும் நம்பிட்டேன்டி” என்றான். அண்ணிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அம்மாவின் பேச்சையெல்லாம் தாங்கியவளுக்கு அது தாங்கவில்லை.

அம்மா பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பாதியில் கை நின்றது. அண்ணியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “என்னை ஒரு வார்த்தை திட்டுடி” என்று அழுதாள். பிறகு வாசலைப் பார்த்து, “செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாப்பா. கூட்டிட்டுப் போக இங்க யாரும் இல்ல” என்றாள்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கேன் அத்தை. ஆனா இனிமே திருட்டுத்தனமாப் போகமாட்டேன். ஊசி வேலையை என்கிட்டக் குடுத்துடுங்க. பகல்ல, எல்லாரும் பார்க்கச் செய்யறேன்.”

நூலை யார் பார்ப்பது என்று அம்மா கேட்டாள். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். “நூலை இவரு கை பார்த்துக்கும். அதுக்குக் கண்ணு எதுக்கு?”

அண்ணன் மெதுவாகத் தலையசைத்தான்.

பிறகு அண்ணியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். நோட்டைத் திருத்தியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். சிரிக்கவில்லை. மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை: காலை எட்டு மணிக்கு மூன்றாம் மெஷினின் ஊசிகள் முழுவதையும் சோதிக்க வேண்டும். அண்ணி பார்ப்பாள், நான் எண்ணிக் குறிப்பேன். பத்து மணிக்கு அண்ணனை அம்மா கண் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.