எடுக்காத படங்கள்

லைட் மீட்டரின் முள் சரிந்தது.

நடைவழியின் கோடியில், குளியலறைக் கதவுக்கு நாலடி முன்னால், சுவரோரமாக அவள் மீட்டரை நீட்டிப் பிடித்திருந்தாள். பிற்பகல் மூன்று மணி. மூன்றாம் மாடிக் கூடத்தின் கம்பியில்லாத ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்திருக்க, வெயில் நடைவழியின் பாதிவரை வந்து தரையில் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் முள் பாதிக்கும் கீழே இறங்கி, நடுங்கி, நின்றது. யாரோ குறுக்கே வந்து நின்று மறைத்தால் எப்படி இறங்குமோ அப்படி. கையை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். முள் ஏறியது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். இறங்கியது.

"இந்த எடத்துல மட்டும் வெளிச்சம் கொறையுதுடா."

"உன் மீட்டருக்கு வயசாயிடுச்சுக்கா," என்றான் தம்பி, தன் டிஜிட்டல் கேமராவின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னுது சரியாத்தான் காட்டுது. நீயே வந்து பாரு."

அக்காவுக்கும் தம்பிக்கும் இந்த வழக்கு பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். முதல் சம்பளத்தில் வாங்கிய ஃபிலிம் கேமராவை இன்னும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருந்தாள். அது போக இன்னும் இரண்டு. கட்டட வரைபடம் போடும் தம்பியிடம் டிஜிட்டல் நாலு. எங்கே சந்தித்தாலும், சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும் வரை இதே பேச்சு. ஃபிலிமின் மணிமணியான சொரசொரப்பு உயிருள்ளது என்பாள் அவள். அது அழுக்கு என்பான் அவன். இருவருக்கும் நண்பரான பல் டாக்டர், இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வைத்திருந்ததால் நடுவரானார். இன்றைய போட்டி அவருடைய யோசனை. இரண்டு கேமராவும் தோளோடு தோள் நிற்க, ஒரே காட்சியை ஒரே நொடியில் எடுக்க வேண்டும். தோற்றவர் ஒரு வருஷம் முழுக்க ஜெயித்தவரின் கேமராவில்தான் படம் எடுக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று டாக்டர் சொல்லச் சொல்ல, கூடத்திலிருந்து குளியலறைக் கதவுவரை நீண்ட அந்த வெற்று நடைவழியைப் பன்னிரண்டு முறை எடுத்தார்கள். அவளுடைய கறுப்பு வெள்ளைச் சுருளில் முப்பத்தாறு படத்துக்கு இடம் இருந்தது. மீதி வீணானாலும் பரவாயில்லை, முடிவு இன்றைக்கே தெரிய வேண்டும் என்று சுருளைத் திருப்பிச் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்ததே அதற்காகத்தான் என்று தம்பி கேலி செய்வான். கதவடியில் துண்டைத் திணித்தாள். சாவித் துவாரத்தில் கறுப்புத் தாளை ஒட்டினாள். ஃபிலிமைச் சுற்றும் சக்கரம், வெளிச்சம் புகாத கழுவும் டப்பா, அதன் மூடி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வாஷிங் மெஷின் மேல் வரிசையாக வைத்தாள். விளக்கை அணைத்தாள்.

இருட்டு அவளுக்குப் பழக்கம்தான். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஏழு வருஷம், ஊரார் உடைத்துக்கொண்ட எலும்புகளையெல்லாம் இருட்டறையில் கழுவியவள். கண்ணின் வேலையைக் காதும் விரலும் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணம் அவளுக்குப் பிடிக்கும். குழாய் நுனியில் ஒரு சொட்டு திரள்வதும் விழுவதும் தனித்தனியாகக் கேட்கும், ஈரச் சோப்பின் வாசனைக்கு அடியில் சுண்ணாம்பின் வாசனை தெரியும், தன் மூச்சு எதிர்ச்சுவர் ஓட்டில் பட்டுச் சோம்பலாகத் திரும்பிவருவதை வைத்தே அறையின் நீள அகலத்தைச் சொல்லிவிடுவாள். இன்று எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு வாடையும் இருந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல.

ஃபிலிமை வெளியே உருவினாள். அதன் முனையை வெட்ட வேண்டும். முழங்கை எதிலோ இடித்தது. கத்தரிக்கோல் கணீரென்று தரையில் விழுந்து எங்கோ சறுக்கியது.

இடது கையில் ஃபிலிம். ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் போயிற்று. குனிந்து வலது கையால் தரையைத் துழாவினாள். ஈரம். ஒரு தலைமுடி. வாளியின் விளிம்பு.

"எங்க போய்த் தொலைஞ்சுது சனியன்," என்று முனகி, உள்ளங்கையை மலர்த்தி இன்னும் சற்றுத் தூரம் நீட்டினாள்.

கத்தரிக்கோல் கையில் வந்து அமர்ந்தது. கைப்பிடி அவள் பக்கம், கூர்முனை மறுபக்கம். குழந்தையிடம் கொடுப்பதுபோல் அவ்வளவு பதமாக.

"தேங்க்ஸ்டா," என்றாள், பழக்க தோஷத்தில்.

முனையை வெட்டினாள். சக்கரத்தில் மாட்டினாள். சுற்றத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் விரல்கள் நின்றன.

கதவு திறக்கவில்லை.

திறந்திருந்தால் வெளிச்சம் வந்திருக்கும்.

"அக்கா!" கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து தம்பியின் குரல். "என் பன்னெண்டையும் லேப்டாப்ல போட்டுப் பாத்தாச்சு. சுத்தம்! ஒரு தூசி தும்பு கெடையாது. தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு வெளிய வந்துடு!"

டாக்டர் சிரிப்பதும் கேட்டது.

விளக்கின் சுவிட்ச் இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. பாதி ஃபிலிம் சக்கரத்தில், பாதி வெளியே. சுவிட்சைப் போட்டால் எல்லாம் கருகிவிடும். பேயைக் கண்டு ஓடிவந்த கதையை அவன் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். உண்மையில், அசைந்தால் எதன்மீது இடிப்போமோ என்று கால் எழவில்லை. ஏனென்றால் இவ்வளவு நேரம் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பிய அவள் மூச்சு, இப்போது ஒரு சாண் தூரத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது.

சுற்றினாள். விரல்கள் வேலையை மறக்கவில்லை. சக்கரத்தை டப்பாவுக்குள் இறக்கினாள். மூடியைத் திருகினாள். பாய்ந்து சுவிட்சைத் தட்டினாள்.

யாரும் இல்லை. வாளி. குழாய். கண்ணாடியில் வெளிறிய அவள் முகம்.

பித்தம் தலைக்கேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். கத்தரிக்கோல் முந்தானையில் சிக்கியிருக்கும், கை பட்டு வந்திருக்கும். மருந்தை ஊற்றினாள், டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த வேலை மனதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டியது. வெளியே தம்பியும் டாக்டரும் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமே துணையாக இருந்தது. மருந்தை மாற்றினாள். தண்ணீரில் அலசினாள். அலசிய தண்ணீரைக் கொட்டக் குனிந்தபோதுதான் பார்த்தாள்: கதவடியில் அவள் திணித்துவைத்த துண்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அந்த இடுக்கில் கூடத்து வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது.

வெளியே பேச்சு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

டப்பாவைத் திறந்து, நீர் சொட்டும் ஃபிலிமைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல் அவள் நெகட்டிவ் படிப்பாள். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெறும் கண்ணாடி.

முதல் படம். நடைவழி. ஜன்னலருகே சுவரில் ஒரு நீள இடைவெளி, கண்ணாடிபோல் தெளிவாக. ஆள் உயரம். வெளிச்சமே படாத ஓர் ஆள். அதன் வழியே பல்பு நேராக அவள் கண்ணில் அடித்தது.

இரண்டாவது படத்தில் அது ஓரடி தள்ளி நின்றது. ஐந்தாவதில் நடைவழியின் பாதியில். ஒன்பதாவதில் மீட்டரின் முள் சரிந்த இடத்தில். பதினொன்றில் கதவருகே. பன்னிரண்டில் குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. நடைவழி காலி.

அவள் பிறகுதான் உள்ளே வந்தாள்.

பன்னிரண்டுக்குப் பின் ஒன்றும் இருக்கக் கூடாது. எடுக்காத ஃபிலிம் வெறுமையாக இருக்க வேண்டும். பதின்மூன்றில் ஒரு முகம். பெண். கண்களை அகல விழித்து எதையும் பார்க்காமல், வாயைச் சற்றே பிளந்து, கையில் ஃபிலிமைப் பிடித்திருந்தாள். அது தன் முகம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. இருட்டில், ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தது. பதினான்கில் இன்னும் கிட்டத்தில். பதினைந்தில் கண்கள் மட்டும்.

பதினாறு, கூடம். மேஜை. தம்பியும் டாக்டரும்.

அவர்களுக்கும் அதே கண்கள், எதையும் பார்க்காமல் அகல விழித்து.

ஃபிலிம் கையிலிருந்து நழுவியது.

"தம்பி?"

தாழ்ப்பாளை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

கூடம் முழுக்க வெயில். சுவரிலிருந்த படங்களின் கண்ணாடி பளபளத்தது. இருவரும் மேஜை முன் உட்கார்ந்திருந்தார்கள். கருவிழிகள் கண்ணை நிறைத்துப் பரந்திருந்தன. டாக்டர் இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைத் தடவித் தடவி எதையோ தேடினார்.

"யாராவது லைட்டப் போடுங்களேன்," என்றார். குரல் உடைந்திருந்தது.

"கரண்ட் போயிடுச்சு போலிருக்கு டாக்டர். ஒரே கும்மிருட்டு." தம்பி முகத்தை உயர்த்திச் சிரிக்க முயன்றான். வெயில் அவன் திறந்த விழிகளில் நேராக விழுந்தது. இமைக்கவில்லை. "நல்ல வேளை, அக்கா வந்துட்டா. கையைக் கெட்டியா புடிச்சுக்கக்கா. ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு உன் கை?"

அவள் குளியலறை வாசலில் நின்றிருந்தாள். மேஜைக்குப் பன்னிரண்டடி இருக்கும்.

தம்பியின் வலது கை அந்தரத்தில் உயர்ந்து, வெறும் காற்றை இறுகப் பற்றியிருந்தது. புறங்கையில் வரிசையாக நாலு இடங்களில் தோல் அமுங்கிக் குழிந்திருந்தது. அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூட்டிக்கொண்டு போகிறவர் மேல் முழு நம்பிக்கை வைத்தவனாக, சின்னச் சின்ன எட்டாக எடுத்துவைத்து, அகலத் திறந்திருந்த ஜன்னலை நோக்கி நடந்தான்.