பாவின் மேல் ஒரு பூனை

"நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து! கண்ணு தெரியல?"

டிரைவர் வேல்முருகன் பிரேக்கை மிதித்த வேகத்தில், 'சின்ன யானை' லோடு வண்டியின் பின்னால் கட்டியிருந்த பீரோ 'டங்'கென்று இடித்தது. முன்சீட்டில் ஜீவிதாவின் மடியிலிருந்த கூடைக்குள் பூனை சீறியது. காலடியில் சுருண்டு கிடந்த ஒற்றைக்கண் நாய் தலையைத் தூக்கி ஒரு முறை குரைத்தது, பிறகு இருமியது.

வண்டிக்கு முன்னால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இடுப்பு உயரத்தில் குங்கும நிறம் ஓடியது. பட்டுப் பாவு. தறியில் ஏற்றப்போகும் ஆயிரக்கணக்கான நீள இழைகளை மூங்கில் கால்களின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் பாவு நீட்டிய தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. திருப்பூரிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

கூடையோடு இறங்கினாள். இடுப்பு விறைத்திருந்தது.

"ஏனுங்க, அந்த நூலைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சா வண்டி போயிருமுங்களே?"

சத்தம் போட்டவன் திரும்பினான். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கை வரை காய்ந்த கஞ்சி.

"நூலா? கல்யாணப் பொடவம்மா இது! தூக்கிப் புடிக்கறதுக்கு என்ன, துணி காயப்போடற கொடியா?"

"எவ்வளவு நேரமாகுமுங்க?"

"மேல பாரு. அது வுட்டா ஒரு மணி நேரம்."

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை. புழுக்கம் மட்டும் இருந்தது.

"என்ற பூனைக்கு மூச்சு எளைக்குதுங்க... ராத்திரியிலிருந்து தண்ணிகூடக் குடிக்கலீங்க."

"பூனையா?" அவன் முகம் மாறியது. "எந்த வூட்டுக்கு வந்துக்கினு இருக்கீங்க?"

"மங்கையர்க்கரசியம்மா வீட்டு மாடிக்குங்க."

"அது எங்கம்மா."

ஜீவிதா கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கீழே தறி ஓடுகிற வீடு, நாய் பூனை ஆகாது என்று புரோக்கர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று மறைத்துவிட்டு வந்திருந்தாள். திருப்பூர் வீட்டைக் காலி செய்தாயிற்று. வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் தையல் சூப்பர்வைசர் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். இதற்கு முன் கேட்ட வீடுகளில் எல்லாம் ஒரே பதில்தான். அதுகளை எங்காவது விட்டுட்டு வாம்மா...

"பூனை மட்டுந்தானா?"

அந்த நேரம் பார்த்து நாய் கதவு வழியாக முகத்தை நீட்டி இருமியது.

"...நாயும் ஒண்ணு இருக்குதுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடு மாடெல்லாம் அடுத்த லோடா?"

"அதுகளை நம்பி எங்க வேணா போலாமுங்க. மனுசங்களத்தான் நம்பி வர முடியல!"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான்... தூக்கமில்லாமல் சிவந்து, அழ நேரம் கிடைக்காத கண்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

இடி இடித்தது.

கூடையின் நாடா அவிழ்ந்ததை அவள் உணர்வதற்குள் பூனை வெளியே பாய்ந்துவிட்டது. தெரு முழுக்கக் கால்கள், சத்தம்... ஒளிய இடம் தேடி ஓடிய அது, ஒரே தாவலில் பாவின் மேல் ஏறியது. கயிற்றுக் கட்டில் போலத் தாழ்ந்தது பட்டு. பயத்தில் முன்னங்கால் நகங்கள் அத்தனையும் இழைகளுக்குள் இறங்கின.

"யாரும் அசையாதீங்க!" என்று அவன் கத்தினான்.

முதல் துளி தார்ச்சாலையில் விழுந்தது.

"விமல்ராஜ், சுத்துப்பா! நனைஞ்சா அத்தினியும் வீண்!" என்று பாவின் மறுமுனையில் நின்ற பெரியவர் அலறினார்.

"பூனைய வெச்சிக்கினு எப்டி சுத்தறது?" என்றான் லுங்கிக்காரன்.

"இழுத்துப் போட்றா!"

"இழுத்தா அதோட நூறு இழை வரும்!"

ஒருவன் மூங்கில் கழியைத் தூக்கினான். ஜீவிதா குறுக்கே பாய்ந்தாள்.

"அடிக்காதீங்க... மெரண்டா இன்னும் இறுக்கும்."

அவள் கழுத்தில், கம்பெனிப் பழக்கத்தில், நூல் வெட்டும் குட்டிக் கத்தரி கயிற்றில் தொங்கியது. குனிந்து பாவுக்கு அடியில் புகுந்தாள். எதிர்ப்பக்கமிருந்து விமல்ராஜும் புகுந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பூனையின் எடை இழைகளில் இறங்காமல் கீழிருந்து தாங்கினான்.

பட்டுக்கு அடியில் வெளிச்சமே சிவப்பாக இருந்தது. அவன் நெற்றி, அவள் கன்னம், இருவர் மூச்சும்... எல்லாம் சிவப்பு. இழைகளுக்கு நடுவே நகங்களின் நுனி முள் முள்ளாக எட்டிப் பார்த்தது. அவள் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.

"கை நடுங்குதும்மா..."

"உங்களுதுந்தான் நடுங்குதுங்க."

"எனக்குப் பட்டு போயிடுமேன்னு."

"எனக்கு வீடு போயிருமேன்னுங்க."

அவன் இழைகளைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்தான்.

கடைசியாக ஒரு நகம் இழைகளைச் சுற்றிக்கொண்டு மாட்டியிருந்தது. அதை எடுக்க மேல் பக்கமாகக் கையைக் கொண்டுபோனாள். பூனை மணிக்கட்டைக் கவ்வியது. பல் உள்ளே போனது தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. கத்தரி மூடியது. பூனை உதறிய உதறலில் 'டப்'பென்று மூன்று இழைகள் அறுந்தன.

அடுத்த நொடி அது விமல்ராஜின் கழுத்தில் தொற்றிக்கொண்டிருந்தது.

"சுத்துங்கடா!"

தெருவே ஓடியது. மழை கொட்டுவதற்குள் பாவைச் சுருட்டி வீட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். பூனை கூடைக்குப் போனது. கூடை ஜீவிதாவின் முதுகுக்குப் பின்னால் போனது.

பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்த மங்கையர்க்கரசியின் கண் நேராக அறுந்த இடத்தில்தான் விழுந்தது.

"யாருடா அறுத்தது?"

"நான்தாம்மா," என்றான் விமல்ராஜ். "மழை வருதேன்னு அவசரத்துல கை பட்டுடுச்சு."

"கை பட்டுச்சா? ஆர்டர் பாவுல கை பட்டுச்சா? இத்தினி வருசம் தறியில உக்காந்து என்னத்தடா கிழிச்ச? இனிமே பாவு நீட்டற எடத்துக்கே வராத நீ!"

கூடி நின்றவர்கள் அவனையே பார்த்தார்கள். அவன் தலை குனிந்து நின்றான். கழுத்தில் நகக்கீறல் எரிந்துகொண்டிருக்கும்.

வேல்முருகன் அவள் காதோரம் கிசுகிசுத்தான். "அம்மணி, கம்முனு இருங்க. வீடு கெடச்சுரும்."

கெடச்சுரும்தான்... ஆனால் தினமும் இந்தப் படியில் ஏறி இறங்கும்போது இவன் குனிந்த தலைதானே கண்ணில் நிற்கும்?

"அவரில்லீங்கம்மா," என்றாள். "என்ற பூனைங்க. நாயும் ஒண்ணு வண்டியில இருக்குது. ஆகாதுன்னு புரோக்கர் சொன்னாரு... தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தேன். தப்புத்தானுங்க." டிரைவர் பக்கம் திரும்பினாள். "வேல்முருகண்ணா, வண்டியத் திருப்புங்க."

"உன்ன யாருமா கேட்டா?" விமல்ராஜ் சீறினான். "வாய மூடிக்கினு மேல போக வேண்டியதுதான?"

"ஒருத்தரு எனக்காகத் திட்டு வாங்கி, அந்த வீட்டுல நான் குடியிருக்கணுமாக்கும்? எனக்கு ஆகாதுங்க."

"போயேன்! மழையில ரெண்டையும் இழுத்துக்கினு எங்க போவ?"

"எங்கியோ!"

மங்கையர்க்கரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய்... இந்தப் பொண்ண முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பின்ன எதுக்குடா எங்கிட்ட பொய் சொன்ன?"

வெளியே மழைச் சத்தம். அவன் உட்கார்ந்து, அறுந்த இழைகளைத் தேடியெடுத்து முறுக்கிச் சேர்க்கத் தொடங்கினான்.

மங்கையர்க்கரசி அவளருகே வந்து மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது.

"கடிச்சப்பவே கைய எடுத்திருக்கலாமில்ல?"

"எடுத்திருந்தா இன்னும் இழை போயிருக்குமுங்களே..."

அந்தம்மா தன் ஈரக் கையாலேயே அந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

"தறி ரூம் கதவாண்ட அதுங்க வரக்கூடாது. பூனைக்கு நகம் வளரக்கூடாது. இன்னோரு தபா ஒரு இழை அறுந்துச்சு... மூணு பேரும் வெளிய!"

"மூணு பேருங்களா?"

"பூனை, நாய், நீ."

"நாலு பேரும்மா."

சொன்னவன் நிமிரவேயில்லை. விரல்கள் மட்டும் இழையில் நின்றுவிட்டன. காது மடல் பாவின் நிறத்துக்குப் போயிருந்தது.

"என்னடா சொன்ன?"

"காதுல வுழுந்துச்சு இல்ல?"

மங்கையர்க்கரசி மகனை முறைத்தாள். பிறகு வேல்முருகனிடம் திரும்பி, "என்னப்பா பாத்துக்கினு இருக்க? சாமான எறக்கு, நனையுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாடிப்படியில் பீரோவின் கீழ்முனை விமல்ராஜ் தோளில் இருந்தது. கூடையோடு மேல்படியில் நின்றவள் வழிவிடவில்லை.

"நாலு பேருன்னீங்களே... நெசமுங்களா?"

"பொய் சொல்லி இன்னிக்கே ஒரு தபா மாட்டிக்கினேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "மறுபடியும் சொல்வனா? நீ போயிடக்கூடாதுன்னு தோணிச்சு, அவ்ளோதான். தள்ளுமா, தோள் போகுது!"

அவள் தள்ளவில்லை.

"எனக்கும்... வண்டியத் திருப்பச் சொன்னேனே தவிர, காலே நகரலீங்க."

பீரோவுக்கு அடியில் அவன் முகம் மலர்ந்தது.

"இனிமே பூனைக்கு நகம் நான் வெட்றேன்."

"கடிக்குமுங்க."

"பூனையா?"

ஜீவிதா ஒதுங்கி வழிவிட்டாள்.

"ரெண்டு பேருமேதானுங்க... பூனையும், நானும்."