வண்டி ஓட்டுகிறவனின் குவளை

மூடுபனி இறங்கிய ஒரு நவம்பர் மதியம் அவர்கள் இருவரும் என் விடுதிக்கு வந்தார்கள். வாசற்படியில் காலைத் தட்டிச் சேற்றை உதறும் சத்தத்திலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏவால்ட் படியே உடைகிற மாதிரி தட்டுவான். கெர்னோட் தட்டினானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது.

"சென்சி, உயிரோடதான் இருக்கியா?" என்றான் ஏவால்ட்.

"செத்தா உனக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவேன். கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது."

ஏவால்ட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுகிறவன். கெர்னோட் கூரைகளுக்கு ஓடு வேய்கிறவன். என் கணவன் ஓட்மார் பின்கட்டில் பீர் காய்ச்சுவான், நான் முன்கட்டில் விடுதியைப் பார்த்துக்கொள்வேன். அந்த ஆண்கள் மூன்று பேருக்கும் சிறுவயதிலிருந்தே சிநேகம். ஆண்டுதோறும் குளிர்காலப் பீருக்குப் பீப்பாய் திறக்கிற வாரத்தில் ஒரே காரில் ஏறிக்கொண்டு, சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் வீட்டோடு பீர் காய்ச்சுகிற விடுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவார்கள். கிளம்புவதற்கு முன்னால் என் கணப்பு அடுப்போரத்து மேசையில் வரைபடத்தை விரித்துத் திட்டம் போடுவார்கள். எந்த ஊரில் மதியச் சாப்பாடு, எந்த ஊர் விடுதிக்காரி எரிந்து விழுவாள், எவனுடைய பீரில் புகைவாடை தூக்கல் என்று பேசிப் பேசியே சாயங்காலமாகிவிடும். பயணத்தைவிட அந்தப் பேச்சுதான் அவர்களுக்குச் சுகம்.

போன வருஷப் பயணத்தில்தான் ஓட்மார் செத்துப்போனான்.

மாவுமில் வளைவில் கார் புரண்டு கிடந்ததாம். ஓட்மார் தூக்கி எறியப்பட்டுக் கிழங்கு வயலில் கிடந்தானாம். வயிறு முட்ட பீர். சின்னச் சிராய்ப்போடு தப்பித்த இந்த இரண்டு பேரும், வண்டியை ஓட்டியது ஓட்மார்தான் என்று போலீசிடம் சொன்னார்கள். நான் அப்போது நூரன்பெர்க்கில் என் மகள் அன்னெலியின் பிரசவத்துக்குத் துணையாக இருந்தேன். பேத்தியைக் கையில் வாங்கிய கையோடு சவ அடக்கத்துக்கு ஓடி வந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? குடித்துவிட்டு ஓட்டிக் கூட்டாளிகளையும் கொல்லப் பார்த்தவன் என்று பேசியது. அன்னெலி, "குழந்தை வளர்ந்து தாத்தா எப்படிச் செத்தார்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அப்பாவின் கல்லறைப் பக்கம் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் ஆத்திரம் ஆறவில்லை. மேசைக்கு மேலே கொக்கியில் தொங்கிய அவனுடைய சாம்பல் நிறக் கல்குவளையைக் கழற்றிப் பாத்திரத் தொட்டிக்கு அடியில் வீசினேன். தேய்க்கிற நார்களைப் போட்டுவைக்கத்தான் அது லாயக்கு என்று தோன்றியது. குவளைக்கு அடியில் வைக்கிற அட்டைகளில் ஓட்மார் தன் கையால் வரைந்த நரிப் படம் அச்சாகியிருக்கும். அத்தனை அட்டைக் கட்டுகளையும் கணப்பில் போட்டு எரித்துவிட்டு, வெறும் வெள்ளை அட்டை வாங்கிவைத்தேன்.

அந்த அட்டையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த முறை யார் வண்டி ஓட்டுவது என்று முடிவானதும் அவன் தன் குவளையின் வாயை எல்லார் எதிரிலும் அட்டையால் மூடிவிட வேண்டும். மூடினால் மூடியதுதான். பயணம் முடிகிறவரை அவனுக்கு ஒரு சொட்டுக் கிடையாது, கெஞ்சினாலும் யாரும் ஊற்ற மாட்டார்கள். கெர்னோட், ஏவால்ட், ஓட்மார், மறுபடி கெர்னோட் என்று முறை சுற்றி வரும். போன வருஷம் ஏவால்டின் முறை. ஆனால் கிளம்பிய அன்று தனக்குப் பிறந்தநாள் வந்துவிட்டதால் ஓட்மாரிடம் முறையை மாற்றிக்கொண்டதாக ஏவால்ட் சொன்னான். என் ஓட்மார் ஒரு இளிச்சவாயன். சரி என்றிருப்பான் என்று நானும் நம்பினேன்.

இப்போது அதே மேசையில் அதே வரைபடத்தை விரித்தார்கள்.

"வெட்கமே இல்லையாடா உங்களுக்கு?" என்றேன்.

"ஓட்மார் இருந்தா அவனே வான்னு கூப்பிட்டிருப்பான், சென்சி. வாழ்றவங்க வாழ்ந்துதானே ஆகணும்," என்றான் ஏவால்ட். கெர்னோட் தலையைத் தூக்கவில்லை.

இரண்டு குவளை பீரும், வறுத்த கெண்டை மீனும் கொண்டுவந்து வைத்தேன். ஏவால்ட் வரைபடத்தில் விரலை ஓட்டினான். "மலை மேல இருக்கிற அந்த விடுதியிலிருந்து தொடங்கலாம். அங்க பன்றித் தோள்கறி பிரமாதமா இருக்கும். என்னடா சொல்றே?"

"ம்," என்றான் கெர்னோட்.

ஏவால்ட் குவளையை எடுக்கக் கை நீட்டினான். அதன் வாயை ஒரு வெள்ளை அட்டை மூடியிருந்தது.

"விளையாட்டா கெர்னோட்? கூரையிலிருந்து எப்ப விழுந்தே?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு மடக்குக் குடித்தான். கெர்னோட்டின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் இருந்ததை நான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி தடித்தது. முற்றத்தில் நின்ற ஏவால்டின் கார் மங்கி, ஒரு கறுப்பு மேடு போலத் தெரிந்தது. கணப்பில் விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அறையில் ஒரு ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் மீன் வாடைக்கு நடுவே எனக்கு அது பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. நனைந்த கல், புளித்த நுரை, முளைகட்டிய பார்லி. பாறைக்கடியில் இருக்கிற பீப்பாய் அறையிலிருந்து ஏறி வரும்போது ஓட்மாரின் கம்பளிச் சட்டையில் அடிக்கிற வாடை.

அந்த அறையை நான் ஒரு வருஷமாகத் திறக்கவே இல்லை.

"ஏய்," என்றான் ஏவால்ட்.

குவளை மறுபடி மூடியிருந்தது.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "சென்சி, உன் வேலையா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. நான் அடுப்புக்கிட்ட நிக்கிறேன், கண் தெரியலையா?"

அவன் அந்தக் குவளையைத் தள்ளிவிட்டு வேறு கேட்டான். நானே புதிதாக ஊற்றி, என் கையாலேயே அவன் எதிரில் வைத்தேன். மீன் தட்டை எடுக்கத் திரும்பினேன். தட்டு என் கைக்கு வருவதற்குள் கெர்னோட் முனகுவது கேட்டது.

குவளையின் மேல் அட்டை இருந்தது. நனைந்து கனத்திருந்தது.

வெள்ளை அட்டை இல்லை.

நரி.

ஓட்மாரின் நரி, வாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு காது மட்டும் மடிந்து. அட்டையின் ஓரம் சுற்றிலும் கருகியிருந்தது.

"அதை நான் எரிச்சேன்," என்றேன். "எல்லாத்தையும் எரிச்சேன். சாம்பலை நானே அள்ளிக் கொட்டினேன்."

ஏவால்ட் அதைப் பிடுங்கிக் கணப்புக்குள் விட்டெறிந்தான். நனைந்த அட்டை சீறியது. "பயந்து சாகாதீங்க. ஏதோ ஒண்ணு மிஞ்சிப்போயிருக்கும்," என்றான். முகத்தில் வேர்த்திருந்தது. "வேலையை முடிப்போம். யார் ஓட்றதுன்னு முடிவு பண்ணிட்டுக் கிளம்பலாம். இது ஓட்மார் முறை. அவன் இல்லை. அடுத்தவன் நீதான் கெர்னோட். உன் குவளையை மூடு."

என் கையில் தட்டு அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்? கெர்னோட் ஓட்டட்டும்னேன்."

"இந்த வருஷம் எப்படி ஓட்மார் முறை? போன வருஷம்தான் அவன் உனக்காக ஓட்டிட்டானே. முறையை மாத்திக்கிட்டா இந்த வருஷம் நீதானேடா ஓட்டணும்?"

அவன் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினான். பாவி, வாழ்நாள் முழுக்கச் சுற்றிய முறையை அவனுடைய மூளை தானாகவே எண்ணிவிட்டது. சொன்ன பொய்யை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துபோனான்.

கெர்னோட் தேம்பி அழுதான். இவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி.

"மாத்திக்கல, சென்சி. மாத்தவே இல்ல. ஏவால்ட்தான் ஓட்டினான். குவளையை மூடினான்தான், ஆனா ஒவ்வொரு ஊர்லயும் கழிவறைக்குப் போறேன்னு போய் நின்னுக்கிட்டே குடிச்சிருக்கான். எங்களுக்குத் தெரியாது. ஓட்மார் பின்சீட்ல பாடிக்கிட்டு வந்தான். அப்புறம் அந்த வளைவு..."

"வாயை மூடுடா!"

"நீதானேடா சொன்னே, செத்தவனுக்கு இனி என்ன வந்துடப் போகுதுன்னு!"

ஏவால்ட் என்னைப் பார்த்தான். "ஆமா சொன்னேன். என்ன தப்பு? நான்னு சொல்லியிருந்தா ஜெயில். வேலை போயிருக்கும். அவன் திரும்பி வந்திருப்பானா?"

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருஷம் என் புருஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவன் பாட்டுக்குப் பின்சீட்டில் பாடிக்கொண்டு வந்திருக்கிறான்.

சமையற்கட்டுக்குப் போனேன். தொட்டிக்கு அடியிலிருந்து அவன் குவளையை எடுத்து நார்களைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவினேன். நுரை வழிய பீர் ஊற்றிக் கொண்டுவந்து, கணப்புப் பக்கம் அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில் வைத்தேன்.

"போலீசுக்குச் சொல்லு," என்றேன். தொலைபேசியை ஏவால்டின் முன்னால் நகர்த்தினேன்.

"மாட்டேன். போதையில உளறினோம்னு சொல்லுவேன். யார் சாட்சி? இவனா?" அவன் எழுந்து கோட்டை எடுத்தான்.

அப்போது ஓட்மாரின் குவளையில் நுரை அடங்கும் சத்தம் நின்றது.

நரி அட்டை அதன் வாயை மூடியிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். இந்த வருஷம் யாருடைய முறை என்பதும் தெரியும்.

வெளியே கார் கிளம்பிச் சீராக உறுமியது.

விளக்குகள் எரிந்து, பனியைத் துளைத்து ஜன்னல் வழியாக எங்கள் முகத்தில் அடித்தன. ஏவால்ட் சட்டைப்பையில் கைவிட்டான். சாவி அவன் கையிலேயே இருந்தது. என்னிடம் காட்டினான், நான்தான் ஏதோ செய்துவிட்டது போல.

"உன்னை ஏத்திக்கத்தான் நிக்கிறான்," என்று கிசுகிசுத்தான் கெர்னோட்.

ஏவால்ட் தொலைபேசியை எடுத்தான். எண்ணைத் தப்புத் தப்பாக அமுக்கினான். நான்தான் அமுக்கிக் கொடுத்தேன். "நான்தான் ஓட்டினேன்," என்று சொன்னான். மறுபடியும் சொன்னான். அந்தப் பக்கம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றான். அவன் வைத்ததும் கார் அணைந்தது. அந்தக் காரில் ஏற இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. பனியில் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

நான் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஏவால்ட் குட்டை, இருக்கையை முன்னுக்கு இழுத்துப் போட்டு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன். அந்த இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தது. என் ஓட்மாரின் நெடுங்காலுக்குச் சரியாக இருக்கும்.

அன்னெலிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வர்றேம்மா. அப்பாவுக்கு என்ன பூ வாங்கட்டும்?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் அழுதேன்.

மறுநாள் மதியம் போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார். ஏவால்ட் எல்லாவற்றையும் மறுத்துவிட்டானாம். விதவைப் பொம்பளை குடிக்க ஊற்றிக் கொடுத்து, அழுது மிரட்டிச் சொல்ல வைத்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறானாம். கெர்னோட்டும் தான் எதையும் கேட்கவில்லை என்றானாம். "மனசைத் தேத்திக்கோங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு," என்றார். இதை நான் அன்னெலியிடம் எப்படிச் சொல்வேன்? பூவுக்குச் சொல்லி வைத்துவிட்டாளே என் பெண்.

"ஏவால்டோட காரை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றேன் வெறுப்போடு. "என் முற்றத்துல அது நிக்க வேண்டாம்."

போலீஸ்காரர் ஜன்னலைப் பார்த்தார். "எந்தக் காரைச் சொல்றீங்க?"

முற்றம் காலியாக இருந்தது. விடிந்ததிலிருந்து நான் இந்த ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி கிளம்பிய சத்தம் என் காதில் விழவில்லை. ஏவால்டின் வீடு இருக்கிற திசையில் பனி மட்டும் இரண்டாகப் பிளந்து, மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். குவளை நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது, நரி அட்டை மேலே. பீர் குறைந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பார்க்க எனக்குத் தேவையில்லை. வண்டி ஓட்டுகிறபோது என் ஓட்மார் ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டான்.