வாய்க்காலில் ஒரு மீன் குறைவு

நேற்று மாலை ஒன்பது மீன்கள் இருந்தன. இன்று நண்பகலில் எட்டு. கம்பளத்துத் தோட்டத்தை நான்காகப் பிரித்து ஓடும் நீல வாய்க்காலில், ஒன்பதாவது மீன் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் நெய்யப்பட்டிருந்தது.

டாக்டர் கியூமர்ஸ் வஸீரி மறுபடி எண்ணினார். எந்தப் பல்கலைக்கழகத்து டாக்டர் என்று ஈரானின் காஷான் நகரக் கடைத்தெருவில் யாரும் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை. முந்நூறு ஆண்டுகளாக ரிப்பேர்க் கை படாத கம்பளம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தார். நான்கு மணிக்கு அதை வாங்க அருங்காட்சியகத்தார் வருகிறார்கள். புது முடிச்சு ஒன்று அகப்பட்டாலும் அவர் பெயர் போய்விடும்.

கிழிசல் தைக்கும் மஹ்லகாவைக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு இதுல கை வச்சே?"

"ஒரு மீனைப் பிரிச்சு மூட நாலு நாளாகும், டாக்டர் ஐயா. ஒரே ராத்திரியில வந்து சேர இது என்ன டாக்டர் பட்டமா?"

புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் அத்தனையும் கிழட்டு முடிச்சுகள். பலே கைகாரி என்று நினைத்துக்கொண்டு, அவளை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார்.

வெயிலுக்குப் பயந்து கடைத்தெரு கதவடைத்துக் கிடக்க, அறையில் பழங்கம்பளியும் பூச்சி உருண்டையும் மணந்த மணத்துக்குள், யாரோ இப்போதுதான் பாத்தி நனைத்தாற்போல ஈரமண் வாடை மெல்லக் கலந்து வந்தது. எங்கோ தண்ணீர் சலசலத்தது. குனிந்தார்.

ஏழு மீன்கள்.

கம்பளத்தில் நெய்த நடுக்குளத்திலிருந்து கம்பளி மயிர் அமுங்கியிருந்தது. காலடிகள். பூப்பாத்திகளை மிதித்துக்கொண்டு, அவர் பக்கமாக. மஹ்லகா வெறுங்காலோடு நடந்திருக்கிறாள், திமிர். ஆனால் பாதங்கள் மிகச் சிறியவை. விரல்கள் மிக நீளமானவை.

உள்ளங்கையால் தேய்த்து அழித்தார். கை நனைந்தது.

அழித்த இடத்தில் மயிர் மறுபடி அமுங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒன்று. அடுத்தது.

கதவு தட்டப்பட்டது. "டாக்டர் ஐயா, மியூசியத்துக்காரங்க முன்னாடியே வந்துட்டாங்க. திறங்க," என்றாள் மஹ்லகா.

"ஆராய்ச்சியில இருக்கேன். பொறு."

உதவிக்குக் கத்தியிருக்கலாம். கையெழுத்து ஞாபகம் வந்தது. தடங்கள் தெரியாமலிருக்க அவற்றின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

குளிர்ந்தது. கீழே தரை இல்லை.

நாற்று நடுமுன் மண் எங்கே இளகியிருக்கிறது என்று பார்ப்பதுபோல, அடியிலிருந்து ஐந்து விரல்நுனிகள் அவர் நெஞ்சை மெதுவாக அழுத்திப் பார்த்தன.